வைக்கோல் எரிந்தால் பசளை எரியும்

காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ வைப்பது நம்மிடையே வழக்கம். வேலை சுருங்கும் என்பது உண்மை. ஆனால் தீயோடு போவது என்ன?

ஒரு தொன் வைக்கோலில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 20 கிலோ பொற்றாசியமும் உண்டு. எரிக்கும்போது நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சும் பொற்றாசியத்தையும் காற்றும் மழையும் கொண்டுபோகும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது யூரியாவுக்கு அலைந்தவர்கள் இதன் பெறுமதியை அறிவர். கிடுகுக் கொட்டில்கள் அருகில் இருந்தால் ஒரு தீப்பொறியே போதும், குடியிருப்பும் போய்விடும்.

“இது குத்தகைக் காணி. நாளை எங்கே இருப்போமோ? பிறர் மண்ணுக்கு ஏன் பாடுபட வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மண்ணில் இட்டதை விட்டுத்தான் போகவேண்டும். கூட்டெருவையோ சாக்கில் கட்டி எடுத்துச் செல்லலாம். கொட்டிலருகே நிற்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடலாம். காணிக்காரரிடம் கேட்டு வைக்கோலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. மர நிழலில், வெள்ளம் நில்லாத மேட்டில், 5 அடி நீளமும் 5 அடி அகலமுமான இடத்தைத் துப்புரவாக்குங்கள்.

2. வைக்கோலை நனைத்து அரை அடி உயரத்துக்குப் பரப்புங்கள். அதன்மேல் கிளிசரியா, பூவரசு போன்ற பச்சை இலைகளை இடுங்கள். சாணக் கரைசல் தெளித்து, சிறிது மேல்மண் தூவுங்கள்.

3. இவ்வாறே 4 அடி உயரம்வரை அடுக்கி, ஓலையால் மூடுங்கள்.

4. நடுவில் ஒரு தடியைச் செருகிவிடுங்கள். ஒரு வாரத்தின்பின் இழுத்துத் தொட்டால் சுடவேண்டும். சுடாவிட்டால் ஈரமோ சாணமோ பச்சை இலையோ போதவில்லை என்பது பொருள்.

5. மாதம் ஒருமுறை புரட்டி நீர் தெளியுங்கள். மூன்று, நான்கு மாதங்களில் எரு கறுத்து, உதிர்ந்து, மண் வாசனை வீசும். மாசியில் கட்டிய குவியல் அடுத்த காலபோக விதைப்புக்கு முன்பே தயாராகிவிடும்.

குவியல் கட்ட ஆளில்லாதவர்கள் வைக்கோலை வயல் முழுவதும் பரவிவிட்டு, ஈரம் கண்டதும் உழுது புரட்டலாம். ஆனால் உடனே விதைக்க வேண்டாம். உக்கும் வைக்கோல் மண்ணிலுள்ள நைதரசனை இழுப்பதால் இளம்பயிர் மஞ்சளாகும். இரண்டு, மூன்று வாரம் பொறுங்கள்.

கலந்துரையாடுவதற்கு

சென்ற போகத்தில் உங்கள் வயலில் எவ்வளவு வைக்கோல் எரிந்தது? அயலவர் மூவர் கைகோர்த்தால் இம்முறை எத்தனை குவியல் கட்டலாம்?