பாட்டும் சாரீரமும்

திருவெவ்வுள் என்னும் இத்திவ்யதேசத்தில் தைப் பிரம்மோத்ஸவத்தின்போது எம்பெருமான் வீதியில் எழுந்தருளும் காட்சியைச் சேவித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெருமாளுக்கு முன்னே திவ்யப்பிரபந்த கோஷ்டி செல்லும். பின்னே வேதபாராயண கோஷ்டி வரும். இவ்விரண்டுக்கும் இருமருங்கிலும் திரளும் அடியார் கூட்டமோ பெரும்பாலும் வாய்மூடியே நடக்கும். காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலும் இரவு முறை வேலை முடித்து, புஷ்கரிணியில் நீராடி, நேராகச் சேவிக்க வந்து நிற்கும் அன்பர்கள் அக்கூட்டத்தில் பலர். திருப்பாவை முப்பதும் நெஞ்சில் நிற்கப் பெற்றவர்களும் அவர்களுள் உண்டு. 'ஏன் உடன் சேவிக்கவில்லை?' என்று கேட்டால், 'சாரீரம் நன்றாக இல்லையே' என்பதே மறுமொழியாக வரும்.

இம்மறுமொழி ஒரு பழைய கேள்வியை எழுப்புகிறது. பாட்டுக்கு இனிய குரல் இன்றியமையாததா? பாடுகிறவர் இருக்கட்டும், பாட்டை இயற்றிய பெரியோர்கள் எல்லாரும் நல்ல சாரீரம் படைத்தவர்கள்தானா? இதனைச் சாஸ்திரத்தைக் கொண்டும், ஸம்ப்ரதாயத்தைக் கொண்டும் சிறிது ஆராய்வோம்.

சாஸ்திரம் கூறுவது

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய 'ஸங்கீத ரத்நாகரம்' இசைக்கலைக்குப் பெரும் பிரமாண நூல். அதில் சொல்லுக்கு 'மாது' என்றும், இசைக்குத் 'தாது' என்றும் பெயர். இரண்டையும் ஒருவரே ஆக்குவாராயின் அவர் வாக்கேயகாரர் எனப்படுவார். சிறந்த வாக்கேயகாரருக்கு வேண்டிய தகுதிகளை அந்நூல் நீண்ட பட்டியலாகத் தருகிறது. இலக்கணப் புலமை, சொல்வளம், யாப்பறிவு, அணித்திறம், ரஸபாவங்களின் உணர்வு, பல மொழிகளின் அறிவு, தாளலயத் தேர்ச்சி என்று அது விரியும். அவற்றினிடையே மனத்துக்கினிய சாரீரமும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது.

சாரீரம் என்ற சொல்லுக்கு அந்நூலே பொருளும் கூறுகிறது. பயிற்சி இல்லாத நிலையிலும் இராகத்தைப் புலப்படுத்தவல்ல குரலாற்றல் அது. சரீரத்தோடு உடன்பிறந்தமையால் சாரீரம் என்று பெயர் பெற்றது. ஆகவே அது முயன்று பெறுவதன்று, பிறவியில் வாய்ப்பது. இவ்வளவில் நின்றுவிட்டால், நல்ல குரல் வாய்க்காதவர் பாட்டியற்றுவதில் முதல்தரத்தை எட்ட முடியாது என்றே முடிவு கட்ட வேண்டியிருக்கும். ஆனால் ஆழ்வார்களின் சரிதம் நம்மை இதற்கு மேலும் சிந்திக்கச் செய்கிறது.

ஆழ்வார்கள் காட்டுவது

பன்னிரு ஆழ்வார்களுள் குலத்தாலேயே இசைக்குரியவர் திருப்பாணாழ்வார் ஒருவரே. யாழும் கையுமாகக் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பாடியவர் அவர். அப்பெருமான் நமக்கு அருளிய பாசுரங்களோ பத்தே பத்து. வாளும் வேலும் ஏந்திய படைத்தலைவராகக் குருபரம்பரை நமக்கு அறிமுகம் செய்துவைக்கும் திருமங்கையாழ்வாரோ, பெரிய திருமொழி ஒன்றிலேயே 1,084 பாசுரங்களை அருளியிருக்கிறார். பத்துப் பாசுரமும் ஆயிரம் பாசுரமும் நம் ஸம்ப்ரதாயத்தில் ஏற்றத்தாழ்வின்றிக் கொண்டாடப்படுகின்றன. குலத்தொழிலாக வந்த இசை ஒருவரிடம். இடைவழியில் எம்பெருமான் தடுத்தாட்கொண்ட பின் பிறந்த பாட்டு மற்றொருவரிடம். பாட்டு பிறக்கும் இடம் குரல்வளையைவிட ஆழமானது என்பது இதனால் விளங்கும்.

நம்மாழ்வாரின் சரிதம் இன்னும் வியப்புடையது. பிறந்தது முதல் அழாமலும் பேசாமலும் பதினாறாண்டுகள் திருப்புளியின் அடியில் மௌனமாக எழுந்தருளியிருந்தவர் அவர். அத்தகையவர் திருவாக்கிலிருந்தே ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களைக் கொண்ட திருவாய்மொழி வெளிவந்தது. அதன் ஏழாம் பத்து ஒன்பதாம் திருவாய்மொழியில் ஆழ்வாரே இவ்வதிசயத்தை எண்ணி உருகுகிறார். இன்கவி பாடவல்ல பரமகவிகள் பலர் இருக்க, அவர்களைக் கொண்டு தன்னைப் பாடுவித்துக்கொள்ளாமல், எம்பெருமான் தம்மோடு ஒன்றாகி, தம் வன்கவியைக் கொண்டு தன்னைத் தானே பாடிக்கொண்டானே என்பது அங்கே கருத்து. இனிமை தம்முடையதன்று என்று ஆழ்வார் நைச்சியமாக விலக்கிவிட்டார். பாட்டுக்கு உரிய கர்த்தா உள்ளே நின்றவன் என்று காட்டிவிட்டார்.

அப்பாசுரங்களை உலகறியச் செய்தவர் மதுரகவியாழ்வார். திருநாமத்திலேயே இன்கவி என்ற பொருள் கொண்டவர். வயதிலும் நம்மாழ்வாருக்கு மூத்தவர். அவர் தாமாக அருளியவை பதினொரு பாசுரங்கள் மட்டுமே. அவையும் ஆசார்யனைப் பற்றியவை. தம் குரல் முழுவதையும் ஆசார்யனுடைய பாட்டுக்கே அவர் கைங்கர்யமாக்கினார். ஒருவர் திருவுள்ளத்தில் பிறந்த பாட்டு மற்றொருவர் நாவின் வழியே உலாவும் என்பதற்கு இவ்விருவருமே முதல் சான்று.

இத்தலத்துப் பாசுரங்கள்

தூரத்துச் சான்றுகள் போதும், இத்திருத்தலத்துக்கே வருவோம். வீரராகவப் பெருமாளைத் திருமழிசையாழ்வார் நான்முகன் திருவந்தாதியில் ஒரு பாசுரத்தால் மங்களாசாஸனம் செய்திருக்கிறார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் இரண்டாம் பத்து இரண்டாம் திருமொழி முழுவதையும் இப்பெருமாளுக்கே அளித்திருக்கிறார். நாதமுனிகள் வகுத்த அடைவில் நான்முகன் திருவந்தாதி இயற்பாவைச் சேர்ந்தது; பண்ணோடு இசைக்கப்படாமல் இயலாகவே சேவிக்கப்படுவது. பெரிய திருமொழியோ இசைப்பாவைச் சேர்ந்தது. இசையுள்ள பாட்டும் இசையற்ற பாட்டும் ஒரே பெருமாளுக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்க, ஒன்றைத் திருச்செவி சாற்றி மற்றொன்றைப் பெருமாள் தள்ளினார் என்பார் எவருமில்லை.

இங்கிருந்து சில காத தூரத்தில் அவதரித்தவர் திருமழிசையாழ்வார். பிரம்பு வேலை செய்து வாழ்ந்த திருவாளன் என்பவர் இல்லத்தில் வளர்ந்தவர். பெரும்புலியூரில் நிகழ்ந்ததாகப் பெரியோர் கூறுவது இது. ஒரு திண்ணையில் அந்தணர்கள் வேதம் ஓதிக்கொண்டிருந்தனர். ஆழ்வார் வரக் கண்டதும், குலத்தை எண்ணி ஓதுவதை நிறுத்திவிட்டனர். அவர் அகன்றபின் தொடர முயன்றபோது விட்ட இடம் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் வாய்திறக்கவில்லை. கறுப்பு நெல் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் போட்டார். அதைக் கண்டதும் கருநெல்லைக் கூறும் வாக்கியம் அவர்களுக்கு நினைவு வந்தது. தங்கள் பிழையுணர்ந்து வணங்கினர். கணீரென்று ஓதிய பல கண்டங்கள் மறந்ததை மௌனமாக நின்ற ஒருவர் அறிந்திருந்தார். கண்டத்தின் வளம் வேறு, உள்ளே உள்ள பொருள் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

அண்மையிலுள்ள திருநின்றவூரின் வரலாறும் பலரும் அறிந்ததே. திருமங்கையாழ்வார் அத்தலத்தைப் பாடாமலே கடந்து சென்றுவிட, என்னைப் பெற்ற தாயார் பெருமாளை நோக்கி, 'சென்று ஒரு பாட்டுப் பெற்று வாரும்' என்று அனுப்பினாராம். பெருமாள் பின்தொடர்ந்து செல்வதற்குள் ஆழ்வார் திருக்கடல்மல்லையை அடைந்துவிட்டார். அங்கே பாடிய பதிகத்துக்குள்ளேயே நின்றவூரானையும் வைத்துப் பாடினார். அதுவும் போதாதென்று தாயார் மறுபடி அனுப்ப, திருக்கண்ணமங்கைப் பதிகத்தில் இன்னொரு பாசுரம் கிடைத்ததாம். அன்போடு சொல்லும் சொல்லுக்காகப் பெருமாளே வழிநடந்து செல்வார் என்பதை இதனால் நாம் அறிகிறோம்.

பிற்காலத்தார் நெறி

சொல் ஒருவரிடமும் இசை மற்றொருவரிடமும் பிறந்து கூடிய நிகழ்ச்சிகள் பிற்காலத்திலும் உண்டு. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இயற்றிய இராம நாடகக் கீர்த்தனைகளுக்குச் சட்டநாதபுரத்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் மாணாக்கர் இருவர் இசையமைத்தனர். கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றிய திருவரங்கத்திலேயே அந்நாடகமும் அரங்கேறியது. திருப்பாவைக்கு இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967) இராகங்கள் அமைத்தார், எம். எல். வசந்தகுமாரி அவற்றைப் பாடி வீடுதோறும் பரப்பினார். ஆண்டாள் அருளிய சொல், அரியக்குடியார் கொடுத்த இராகம், வசந்தகுமாரியின் குரல் ஆகிய மூன்றும் ஒரு மாலையாயின. நம் காலத்தை அடுத்து வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணாவும் (1917–1989) தாம் இயற்றிய பக்திப் பாடல்களுக்குப் பெரிய வித்வான்களைக் கொண்டே இசையமைக்கச் செய்தார். கடல்கடந்த நாட்டிலும் இவ்வாறே காண்கிறோம். கரகரத்த குரல் என்று பலராலும் குறைகூறப்பட்ட அமெரிக்கப் பாவலர் பாப் டிலனுக்கே 2016ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு கிட்டியது.

இவற்றால் சார்ங்கதேவர் கூற்று பொய்யாகிவிடவில்லை. சொல், இசை, சாரீரம் மூன்றும் ஒருவரிடமே நிறைந்திருப்பது பெரும்பேறு என்று அவர் கூறினார். அப்பேறு வாய்க்காதவிடத்து மூன்றையும் மூவர் பகிர்ந்துகொள்ளலாம் என்று பெரியோர் செய்து காட்டினர். இயற்றுவோனுக்கு இன்றியமையாதவை கேட்கும் செவியும் கரையும் நெஞ்சுமே.

வாய் இல்லையேல் பாட்டும் இல்லை

ஆயின் குரலே வேண்டாமா? வேண்டும். இயற்றியவருக்கு வேண்டாததாயினும் பாட்டுக்கு வேண்டும். சேவிப்பார் இன்மையால் நாலாயிரமும் ஒரு காலத்தில் மறைந்து கிடந்ததை நாம் மறக்கலாகாது. அவற்றை மீட்ட வரலாறு திருவிழாவுக்கு வரும் யாத்ரிகர் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்த வேண்டியது.

வீரநாராயணபுரத்து மன்னனார் ஸந்நிதிக்கு யாத்ரிகர்களாக வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்கள், திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான பத்துப் பாசுரங்களை அங்கே சேவித்தனர். அது ஆயிரத்துள் ஒரு பத்து என்பதை அப்பதிகத்தின் முடிவிலேயே கேட்ட நாதமுனிகள், 'மற்றவை எங்கே?' என்று வினவ, அவர்கள் தங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே என்றனர். அங்கிருந்து தொடங்கிய தேட்டம் திருக்குருகூரில் நிறைவுற்றது. அங்கே நாதமுனிகள் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு அநுஸந்தித்து, ஆழ்வாரின் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார். பின்னர்த் தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்து, பண்ணும் தாளமும் அமைத்துப் பரவச் செய்தார். ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய தலங்களில் இன்றும் நடைபெறும் அரையர் சேவை அவ்வழியில் வந்தது.

மன்னனார் ஸந்நிதியில் பாடிய அந்த யாத்ரிகர்கள் யார்? அவர்கள் பெயரைக் குருபரம்பரை சொல்லவில்லை. அவர்கள் சாரீரம் இனியதா, கடியதா என்பதையும் சொல்லவில்லை. அவர்கள் பத்துப் பாசுரம் அறிந்திருந்தனர்; அறிந்ததை வாய்விட்டுச் சேவித்தனர். 'நம் குரலுக்கு இது தகுமோ' என்று அன்று அவர்கள் கூசி நின்றிருந்தால், நாதமுனிகள் செவியில் அப்பாட்டு விழுந்திராது. இன்று நம் வீதிகளில் பெருமாளுக்கு முன்னே கோஷ்டியும் இராது.

கோஷ்டியின் அருமை

ஓதுவார்க்குரிய குணதோஷங்களைப் பாணினீய சிக்ஷை எடுத்துரைக்கிறது. இனிமை, எழுத்துத் தெளிவு, பதம் பிரித்தல், நல்ல ஸ்வரம், தைரியம், லயத்தோடு ஓதும் வன்மை ஆகிய ஆறும் குணங்கள். இவற்றுள் பெரும்பாலானவை பழக்கத்தால் கைகூடுவன. தோஷங்களும் ஆறு: இழுத்துப் பாட்டாக்குதல், விரைந்து ஓதுதல், தலையை ஆட்டுதல், ஏட்டைப் பார்த்தே படித்தல், பொருளறியாமை, குரல் நலிவு. முதல் ஐந்தும் முயற்சியால் நீங்கும். குருமுகமாகச் சந்தை சொல்லிக் கற்பது அதற்காகவே ஏற்பட்டது. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை சொல்லும் அம்முறையில் ஏடு தானே விலகும். எழுத்தும் தானே தெளியும்.

எஞ்சியுள்ள குரல் நலிவுக்கு மருந்தாகப் பெரியோர் அமைத்ததே கோஷ்டி. ஒருவர் தொடங்க, மற்றவர்கள் உடன் எடுக்க, மூச்சு முட்டிய ஒருவர் நிறுத்திய இடத்தை அடுத்தவர் தாங்கிக்கொள்கிறார். நலிந்த குரல் அதில் மறைகிறது; கரகரத்த குரல் கரைகிறது. இரும்புத்தூளும் உலைப்புகையும் தொண்டையை வருத்தும் தொழிலாளிக்கும், மூப்பினால் குரல் நடுங்கும் பாட்டியாருக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. இயந்திர ஓசையின் நடுவே எட்டு மணி நேரம் நின்றவர் எம்பெருமான் முன் வந்தும் பேசாதிருப்பதற்குக் குரலைக் காரணமாகக் கூறுதல் வேண்டா.

இத்தலத்துப் பெருமாள் சாலிஹோத்ர மஹரிஷியிடம் தாம் தங்க இடம் எதுவெனக் கேட்டு, அவர் காட்டிய உள்ளில் கிடந்தமையால் எவ்வுள் என்று பெயர் வந்தது. பெரிய மாளிகையையோ வேலைப்பாடமைந்த மண்டபத்தையோ அவர் எதிர்பார்க்கவில்லை. அடியவன் காட்டியதை ஏற்றார். குரல் விஷயத்திலும் அவர் திருவுள்ளம் அதுவே எனக் கொள்ளலாம். ஆதலின் அடியார்கள் இவ்வுத்ஸவம் முடியுமுன் இத்தலத்துப் பதிகத்தில் ஒரு பாசுரமேனும் பொருளோடு கற்று, சாற்றுமுறையின்போது கோஷ்டியோடு கலந்து சேவிப்பார்களாக. அடுத்த தலைமுறைக் குழந்தை ஒன்று அதைக் கேட்டு, 'மற்றவை எங்கே?' என்று வினவினால், அதுவே இவ்வுத்ஸவத்தின் பெரும்பயன்.

ஸ்ரீ கனகவல்லித் தாயார் ஸமேத ஸ்ரீ வீரராகவப் பெருமாள் திருவடிகளே சரணம்.