கணினிக் கணக்கும் சங்கச் சிப்பந்திகளும்

நமது கிராமச் சங்கங்களின் கணக்கு காகிதத்தினின்று கணினிக்கு மாறிவருவதை அங்கத்தினர் அனைவரும் அறிவர். நாடெங்கும் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களை ஒரே பொது மென்பொருளின் கீழ்க் கொணரும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 29-6-2022 அன்று ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டுகளுக்கென ரூ.2,516 கோடி அதற்கு வகுக்கப்பட்டது. கணினி வாங்குதல், மென்பொருள் அமைத்தல், பழைய பேரேடுகளைக் கணினியில் ஏற்றுதல், சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை அதில் அடங்கும். இந்த எண்ணம் திடீரென்று பிறந்ததன்று. 2004ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பேராசிரியர் ஏ. வைத்தியநாதன் குழுவே, சங்கங்களுக்குப் பொதுவான கணக்கு முறையும் கணினியும் வேண்டுமென்று எடுத்துரைத்தது.

கணினியும் மென்பொருளும் பணம் கொடுத்தால் வந்துவிடும். இருபது முப்பது ஆண்டுகளாகப் பேரேட்டின் முன் அமர்ந்த ஒருவரைத் திரையின் முன் அமர்த்துவது பணத்தால் மட்டும் ஆகும் காரியமன்று. அது பெரும்பாலும் நிர்வாகக் குழுவின் கையிலும், அங்கத்தினராகிய நம் கையிலும் இருக்கிறது. இம்மாதப் பாடத்திற்கு இதனையே எடுத்துக்கொள்கிறோம்.

காகிதக் கணக்கில் பழகியவருக்கு எது கடினமாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். விசைப்பலகைதான் கடினம் என்று பலர் எண்ணுகின்றனர். அது ஓரிரு மாதங்களில் கைக்கு வந்துவிடும். தமிழ்த் தட்டச்சு முறையாகப் பயின்றவருக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. தமிழக அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் எழுத்துகள் பழைய தட்டச்சுப் பொறியில் இருந்த இடங்களில் இல்லை. விரல் பழைய இடத்தையே தேடிச் செல்லும். இதுவும் நாளடைவில் தீரும். உண்மையான கடினம் வேலையின் ஒழுங்கு மாறுவதில் இருக்கிறது.

உர மூட்டைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கையில் துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொண்டு, கூட்டம் ஓய்ந்தபின் ரொக்கப் புத்தகத்தில் ஏற்றுவது நம் கணக்கர்களின் நெடுநாள் வழக்கம். சில வேளை அது மறுநாளைக்கும் தள்ளிப்போகும். மென்பொருளோ, இன்றைய நாளை முடிக்காமல் நாளைய நாளைத் திறக்கவிடாது. ஒருவர் பதிந்த சீட்டை மற்றொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். அனுமதியின்றி ஒரு சீட்டு நின்றுபோனாலும் நாள்முடிப்பு நடைபெறாது. ஆகவே மாலை ஐந்து மணிக்குப் பேனாவை மூடிவைத்துப் பழகியவர், ரூ.40 எங்கே விடுபட்டது என்று விளக்கு வைத்தபின்பும் தேடிக்கொண்டிருக்க நேரிடுகிறது.

பிழை திருத்தும் வழியும் மாறிவிடுகிறது. புத்தகத்தில் தவறு நேர்ந்தால் சிவப்பு மையால் கோடிட்டு, சரியான தொகையை மேலே எழுதிச் சுருக்கொப்பம் இடுவர். கணினியில் அனுமதி பெற்றுவிட்ட பதிவை அழித்தல் இயலாது. ரூ.5,400 வரவை ரூ.4,500 எனப் பதிந்துவிட்டால், முதலில் ரூ.4,500க்கு எதிர்ப்பதிவு ஒன்று இட்டு, அதன்பின் ரூ.5,400ஐப் புதிதாகப் பதிதல் வேண்டும். ஒரு வரி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று வரிகள் தோன்றும். இதனைத் தம் கணக்குத் தாளில் காணும் அங்கத்தினர், சங்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஐயுறுவது இயல்பே. அவருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பும் கணக்கரையே சேர்கிறது. தாமே இன்னும் தெளிவுபெறாத ஒன்றைப் பிறருக்கு விளக்க நேர்வதைப் போன்ற இடர் வேறில்லை.

இத்தகைய மாற்றம் நமக்குப் புதிதன்று. செங்கோட்டையினின்று ஆரியங்காவுக் கணவாய் நோக்கிச் செல்லும் சாலையில், கேரள எல்லைக்கு முன்னால் உள்ளது புளியறை. செங்கோட்டை வட்டம் முன்பு திருவிதாங்கூருக்கு உரியது. அந்நாட்டின் நாணயக் கணக்கு வேறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பின்னர் அது போய் ரூபாய், அணா, பைசாக் கணக்கே நிலைத்தது. 1-11-1956 அன்று செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அடுத்த ஐந்தே மாதங்களில், 1-4-1957 அன்று, பதினாறு அணா ரூபாய் நூறு நயாபைசா ரூபாயாயிற்று. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் எடைகள் படிப்படியாக வந்தன. இவ்வட்டாரத்துக் கணக்கெழுதுவோர் ஒருவர் தம் பணிக்காலத்திற்குள் அரசு மாறக் கண்டார், காசு மாறக் கண்டார், எடை மாறக் கண்டார். கோட்டைக் கணக்கில் நெல் அளந்தவர் குவிண்டாலுக்கு வந்து சேர்ந்தார்.

நயாபைசா மாற்றத்தில் இன்றைக்கும் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஓர் அணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால் நயாபைசா. கால் பைசா என்று காசு இல்லையாதலால், மாற்று அட்டவணையில் ஓர் அணாவுக்கு 6 என்றும், மூன்று அணாவுக்கு 19 என்றும் வகுத்தனர். ஓர் அணாப் பண்டத்தை மூன்று முறை தனித்தனியே வாங்கியவர் 18 கொடுத்தார். மூன்றையும் சேர்த்து வாங்கியவர் 19 கொடுத்தார். இருவரையும் எவரும் ஏமாற்றவில்லை. ஆயினும் அட்டவணையை அறியாதவருக்குக் கடைக்காரர் ஒரு பைசா பறித்துக்கொண்டார் என்றே தோன்றும். அதனால்தான் அட்டவணைகள் அச்சிட்டுப் பரப்பப்பட்டன. பழைய காசுகளும் சில காலம் புதியவற்றோடு சேர்ந்தே செல்லுபடியாயின.

இன்றைய கணினிக் கணக்கிலும் இதே சிக்கல் வட்டியில் எழுகிறது. ஓர் உதாரணம் காண்போம். ரூ.40,000 கடன், ஆண்டுக்கு 7 சதவீத வட்டி, 143 நாட்கள். மாதத்திற்கு 30 நாள், ஆண்டிற்கு 360 நாள் என்று வைத்து வாய்பாட்டின்படி கணக்கிடும் கையெழுத்துக் கணக்கர் ரூ.1,112 என்பார். ஆண்டிற்கு 365 நாள் என்று வைக்கும் மென்பொருள் ரூ.1,097 என்று காட்டும். வேறுபாடு ரூ.15. இங்கே குறைகிறது என்பதால் எவரும் வினவமாட்டார். கூடும் இடத்தில் சங்கத்தின் வாயிலில் சச்சரவு எழும். மாற்றத்திற்கு முன்பே வட்டிக் கணக்கின் விதியைத் தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், கணக்கர் தனியே நின்று வாதாட வேண்டியதில்லை. இது நிர்வாகக் குழு செய்யவேண்டிய வேலை. கணக்கர் தலையில் ஏற்றத்தக்கதன்று.

இனிப் பழைய பேரேட்டைப் புதிய கணக்கோடு சேர்க்கும் வேலையைப் பார்ப்போம். இதனை நெசவாளத் தோழர்கள் மற்றவர்களைவிட எளிதில் உணர்வர். தறியில் பாவு முடியும் தறுவாயில், பழைய பாவின் எஞ்சிய ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழை ஒன்றைப் பிணைக்கின்றனர். அவ்வாறு பிணைத்து இழுத்தால் புதுப்பாவு விழுதிலும் அச்சிலும் தானே நுழைந்துவிடும். ஆயிரக்கணக்கான இழைகளில் இரண்டு இழைகள் இடம் மாறினாலும், நெய்யும் துணி முழுவதிலும் அக்குறை ஓடும். பேரேட்டிலுள்ள ஒவ்வோர் அங்கத்தினரின் கணக்கும் அத்தகைய ஓர் இழையே. பிணைக்கும் வேலையை அவசரப்படுத்தும் நெசவாளர் எவரும் இலர். சங்கத்தில் மட்டும் அவசரப்படுத்துவானேன்?

அவ்வேலையில் நேரும் பிழைகள் பெரும்பாலும் தொகையில் நேர்வனவல்ல, பெயரில் நேர்வன. நம் தென்பாண்டி நாட்டில் ஒரே ஊரில் மாடசாமி பலர் இருப்பர், இசக்கியம்மாள் பலர் இருப்பர், தலைப்பெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். ‘மேலத்தெரு மாடசாமி’, ‘வயக்காட்டு மாடசாமி’ என்று கணக்கர் மனத்தில் பிரித்து வைத்திருப்பார். பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துமிருப்பார். அந்தப் பென்சில் குறிப்பு கணினிக்குச் செல்வதில்லை. ஆதாரில் ஒருவிதமாகவும், குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும், சிட்டாவில் தந்தையின் பெயரிலேயும் இருக்கும் ஒரே மனிதரை மென்பொருள் மூவராகக் கொள்ளவும் கூடும். இதன் விளைவு சிறிதன்று. 2021ஆம் ஆண்டு தமிழக அரசு பயிர்க் கடனையும், ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக் கடனையும் தள்ளுபடி செய்தபோது, யாருக்கு உரியது என்பதை ஏட்டில் உள்ள பதிவுகளைக் கொண்டே முடிவுசெய்ய நேர்ந்தது. பதிவில் பிழையுற்றவர் உரிமையை நிலைநாட்ட அலைவதன்றி வேறு வழி காண்பது அரிது.

ஆகவே வெளியிலிருந்து வரும் பதிவாளர் கையில் பேரேட்டை மட்டும் கொடுத்துவிட்டு, மூத்த கணக்கரை ஒதுக்கி அமர்த்துவது பெரும் தவறு என்பது நம் கருத்து. விசைப்பலகையைத் தொடத் தயங்கும் அந்த மனிதரிடமே அவ்வூரின் கணக்கு முழுவதும் இருக்கிறது. கணினிக்கு அஞ்சுவோரைச் சோம்பர் என்று முடிவுகட்டும் நிர்வாகிகள் சிலர் உளர். அவர்கள் அஞ்சுவது கணினிக்கு அன்று. நேற்றுவரை ஊரே வந்து ஐயம் கேட்ட ஒருவர், இன்று தம் மகன் வயதுடைய இளைஞரிடம் பலர் முன்னிலையில் ஐயம் கேட்கவேண்டியிருக்கிறது, அதற்கே கூசுகின்றனர்.

இதற்கு ஏற்ற வழி, மூத்தவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் இணைத்து அமர்த்துவதாகும். இன்ன தொகை பற்றா வரவா, இவர் எந்த மாடசாமி என்று மூத்தவர் சொல்ல, இளையவர் பதிவார். இளையவருக்கு விசை தெரியும், ஐந்தொகை தெரியாது. ஒருவர் குறையை மற்றவர் நிறைப்பர். ஆனால் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். இந்த ஏற்பாடு நீடித்தால் மூத்தவர் என்றும் சொல்லுபவராகவே இருந்துவிடுவார். இளையவர் விடுப்பில் சென்ற அன்று சங்கம் அடைத்துக் கிடக்கும். ஆகவே சில வாரங்களுக்குப்பின் இருக்கையை மாற்றுதல் அவசியம். அவ்வேளையில் வேலை மெதுவாகத்தான் நடக்கும். வரிசையில் நிற்கும் நாம் முணுமுணுக்காமல் இருப்பதும் ஒரு பயிற்சிச் செலவே.

காலம் பார்த்து மாற்றுவதும் முக்கியம். கார் சாகுபடி தொடங்கும் ஆனி, ஆடியில் நம் பகுதியில் கடனுக்கும் உரத்துக்கும் கூட்டம் மிகும். கணவாய் வழியாகச் சாரலும் காற்றும் வீசும் அப்பருவத்தில் மின்சாரம் நின்றுபோவதும் உண்டு. பிசானத் தொடக்கமும் அவ்வாறே நெருக்கடியானது. அறுவடை முடிந்து தவணைகள் ஓய்ந்த இடைவேளையே பழகுவதற்கு ஏற்றது. மேலிடத்திலிருந்து தேதி குறிக்கப்பட்டு வந்தாலும், பயிற்சியையாவது முன்கூட்டி ஓய்ந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம்.

சிறிது காலம் புத்தகமும் கணினியும் சேர்ந்து நடத்தல் வேண்டும். இது சிப்பந்திகளுக்கு இரட்டை வேலை. அதற்குரிய மிகைநேர ஊதியத்தை அளித்தல் நியாயம். இரட்டைக் கணக்குக்கு முடிவுத் தேதியும் முன்பே குறித்தல் வேண்டும். தேதி இல்லையேல் புத்தகமே மெய்க்கணக்காகவும், கணினி ஒப்புக்கு நிரப்பும் ஏடாகவும் ஆகிவிடும். இரண்டும் ஒவ்வாதபோது எது சரி என்று எவராலும் சொல்லவொண்ணாது.

கடவுச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இருவர் மூவரே பணிபுரியும் சங்கத்தில், அனுமதிப்பவர் வெளியே சென்றால் வேலை நிற்கும். ஆகவே கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடியின்கீழ் வைத்துவிட்டுப் போகும் எண்ணம் எழும். இது காசோலைப் புத்தகத்தில் கையொப்பமிட்டு வைத்துவிட்டுச் செல்வதற்கு நிகர். பின்னாளில் ஒரு தொகை காணாமற்போனால், பதிவு எவர் பெயரில் இருக்கிறதோ அவரே தணிக்கையாளருக்கு விடை சொல்லவேண்டும். நிரபராதியான சிப்பந்தியைக் காப்பது அவருடைய கடவுச்சொல்லே என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிடுதல் நலம். அனுமதிப்பவர் இல்லாத நாளுக்கு மாற்று ஆள் யார் என்பதைத் தீர்மானமாக எழுதிவைப்பதும் நிர்வாகக் குழுவின் கடமை.

மின்சாரமோ இணைப்போ அற்ற நாளில் என்செய்வது? வந்தவரைத் திருப்பி அனுப்பலாகாது. வரிசை எண் அச்சிட்ட கைச்சீட்டுப் புத்தகம் ஒன்றை இதற்கென்றே வைத்திருந்து, பெற்ற தொகைக்குச் சீட்டு அளித்து, இணைப்பு வந்ததும் அதே எண்ணைக் குறிப்பிட்டுக் கணினியில் ஏற்றலாம். எந்த எண் ஏறிற்று, எந்த எண் ஏறவில்லை என்பதை அன்று மாலையே மற்றொருவர் சரிபார்க்க வேண்டும்.

இம்மாதப் படிப்பு வட்டத்தில் அங்கத்தினர்கள் கலந்து ஆராயச் சில வினாக்களை முன்வைக்கிறோம். நம் சங்கத்தில் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக உள்ள அங்கத்தினர் எத்தனை பேர், அவர்களைப் பிரித்தறியப் பேரேட்டில் என்ன குறிப்பு இருக்கிறது? கணினியில் ஏற்றிய நிலுவையை ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட, தெருவாரியாக நாள் ஒதுக்க இயலுமா? பணி ஓய்வு பெற்ற கணக்கர் ஊரில் இருப்பின், அந்நாட்களில் அவரை அழைத்து உடன் அமர்த்தலாமா, அவருக்கு என்ன ஊதியம் தருவது?