புகை சொல்லும் சேதி

அவர் ஒரு டாக்சி டிரைவர். சொந்த வண்டி. 2012ஆம் ஆண்டு மாடல் டீசல் கார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டினார். மீதிப் பணத்துக்குக் கடன் வாங்கினார். மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும். வண்டி ஓடினால்தான் தவணை. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒரு மாதமாக வண்டி சரியில்லை. மேடு ஏறத் திணறியது. பின்னால் கரும்புகை கக்கியது. டீசலும் அதிகம் குடித்தது. சாலையோரப் பட்டறை ஒன்றில் காட்டினார்.

"டர்போ போய்விட்டது. புதிது போட வேண்டும். நிறையச் செலவாகும்" என்றார்கள்.

டிரைவருக்குத் தலை சுற்றியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை, பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் போனார். அவர் வயதானவர். நாற்பது வருட அனுபவம் உள்ளவர்.

"அண்ணே, டர்போ போயிடுச்சாம். என்ன செய்யறதுன்னே தெரியலை."

"பதறாதே தம்பி. முதல்ல பானெட்டைத் திற. பார்ப்போம்."

மெக்கானிக் இன்ஜினை ஓட விட்டார். காது கொடுத்துக் கேட்டார். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது 'புஸ்' என்று காற்றுச் சத்தம் வந்தது. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டார். அதன் கிளாம்ப் தளர்ந்திருந்தது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றினார். தரையில் தட்டினார். ஒரு கைப்பிடி மண் கொட்டியது.

"உன் டர்போ நல்லாத்தான் இருக்கு தம்பி. வண்டிக்கு மூச்சுத்தான் அடைச்சிருக்கு" என்றார்.

கிளாம்பை முடுக்கினார். புது ஃபில்டர் போட்டார். வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். கரும்புகை நின்றது. மேட்டில் வண்டி சுகமாக ஏறியது.

"உன் வண்டியில் ஒரு கையேடு இருக்குமே. படித்தாயா?" என்று மெக்கானிக் கேட்டார்.

டிரைவர் தலை குனிந்தார். போன வருடம்தான் அவர் எழுதப் படிக்கக் கற்றார். அதற்கு முன் அந்தப் புத்தகம் டாஷ்போர்டில் சும்மா கிடந்தது. கற்ற பிறகும் அதை எடுக்கத் தோன்றவில்லை.

"இனி படி. உட்கார். கொஞ்சம் சொல்கிறேன்."

மெக்கானிக் சொன்னதை நாமும் கேட்போம்.

டீசல் இன்ஜின் எப்படி ஓடுகிறது?

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் இன்ஜினில் அது இல்லை. பிறகு டீசல் எப்படி எரிகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் இன்ஜினில் பிஸ்டன் காற்றை மிகவும் இறுக்குகிறது. சுமார் 17 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குள் அடங்குகிறது. அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

இந்த வகை இன்ஜினை ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் டீசல் உருவாக்கினார். 1897ஆம் ஆண்டில் அது வெற்றிகரமாக ஓடியது. அவர் பெயரே எண்ணெய்க்கும் நின்றுவிட்டது.

டர்போ என்றால் என்ன?

அடுப்பு நன்றாக எரிய ஊதுகுழலால் ஊதுகிறோம். டர்போவும் ஓர் ஊதுகுழல்தான். ஒரே தண்டில் இரண்டு சிறு சக்கரங்கள். சைலென்சருக்குப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதனுடன் மறு சக்கரமும் சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் அதிக டீசலை முழுமையாக எரிக்கலாம். சிறிய இன்ஜினும் பெரிய வேலை செய்யும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு பக்கம் நெருப்புப் போன்ற புகை. மறு பக்கம் வெளிக்காற்று. நடுவில் உள்ள தண்டு இன்ஜின் ஆயிலில் மிதந்தபடி சுற்றுகிறது. அந்த ஆயில்தான் அதற்கு உயிர்.

எண்கள் சொல்வது என்ன?

டிரைவரின் காரில் இருப்பது 1.3 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின். இத்தாலியின் ஃபியட் நிறுவனம் வடிவமைத்தது. அரியானாவில் உள்ள மானேசரில் தயாரானது. மாருதி ஸ்விஃப்ட் காரில் 2007 முதல் வந்தது. டிசையர் காரிலும் வந்தது. டாட்டா, ஃபியட் கார்கள் சிலவற்றிலும் இதே இன்ஜின் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி நாடு முழுவதும் வந்தது. அப்போது மாருதி டீசல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஆனால் பழைய வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன.

அந்த இன்ஜினின் விவரம்:

சிலிண்டர்கள்: 4
கொள்ளளவு: 1,248 சி.சி.
திறன்: 75 குதிரைத்திறன் (4,000 சுற்றில்)
முறுக்கு விசை: 190 நியூட்டன் மீட்டர் (2,000 சுற்றில்)

1,000 சி.சி. என்பது ஒரு லிட்டர். ஆகவே இது சுமார் ஒன்றேகால் லிட்டர் இன்ஜின்.

75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்குவது ஒரு குதிரைத்திறன். அதைப்போல் 75 மடங்கு வேலை இது செய்யும்.

முறுக்கு விசை என்பது திருகும் பலம். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 19 கிலோ எடையைத் தொங்க விடுங்கள். அந்தத் திருகலே சுமார் 190 நியூட்டன் மீட்டர். மேடு ஏற இந்தப் பலம்தான் வேண்டும். அது 2,000 சுற்றில் கிடைக்கிறது. ஆகவே மேட்டில் கியரைக் குறைத்து, இன்ஜினைத் திணற விடாமல் ஓட்டுங்கள்.

இன்னொரு கணக்கு. 2,000 சுற்றில் ஓடும்போது இந்த இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,250 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ ஊதினால் இன்னும் அதிகம். அவ்வளவு காற்றும் ஒரு ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும்? நம் மூக்கைப் பொத்தியதுபோல்தான்.

பராமரிப்பு

1. ஆயில்: இதுபோன்ற கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஆயில் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கையேட்டில் சொன்ன வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். ஆயிலோடு ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின் உண்டு. ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் செயினும் தேயும்.

2. ஆயில் அளவு: வாரம் ஒரு முறை பாருங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் பொறுங்கள். அளவுக் குச்சியைத் துடைத்து விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஆயில் குறைந்தால் கெடுதல். தானாகக் கூடினாலும் கெடுதல். டீசலோ தண்ணீரோ கலந்திருக்கலாம்.

3. காற்று: மண் சாலையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். தூசி டர்போவின் இறக்கைகளைத் தின்றுவிடும்.

4. டீசல்: இந்த இன்ஜினில் டீசலின் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். டயரில் உள்ள காற்றழுத்தம் இரண்டு பாருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இன்ஜெக்டரின் துளைகள் மயிரிழை போன்றவை. துளித் தண்ணீரும் தூசியும் அதைக் கெடுக்கும். டீசல் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுங்கள். அதில் சேரும் தண்ணீரை வடித்து விடுங்கள். மண்ணெண்ணெய் கலந்த டீசல் வேண்டாம். பம்புக்கு வழுவழுப்பைக் கொடுப்பதும் டீசல்தான். டாங்கியை முழுவதும் வற்ற விடாதீர்கள். தவறிப்போய்ப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் டாங்கியைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

5. கூலன்ட்: வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். கையேட்டில் சொன்ன கூலன்ட்டை ஊற்றுங்கள்.

6. ஓட்டும் முறை: ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் பொறுங்கள். ஆயில் டர்போ வரை போய்ச் சேரட்டும். உடனே ஆக்சிலேட்டரை உறுமவிட வேண்டாம். நெடுஞ்சாலையில் வேகமாக வந்தால், அல்லது மலை ஏறி வந்தால், உடனே அணைக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். இல்லாவிட்டால் சூடான டர்போவில் நிற்கும் ஆயில் கருகும்.

புகையைப் பாருங்கள்

கரும்புகை: காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டர், ரப்பர் குழாய்கள், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நீலப்புகை: ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

வெண்புகை: குளிர்ந்த காலையில் சிறிது வந்து மறைந்தால் பயமில்லை. நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

சத்தத்தைக் கேளுங்கள்

மெல்லிய விசில் டர்போவுக்கு இயல்பு. 'புஸ்' என்றால் குழாயில் கசிவு. சங்கு ஊதுவது போன்ற சத்தமோ உலோகம் உரசும் சத்தமோ வந்தால் டர்போவின் தண்டு ஆடுகிறது. உடனே பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

விளக்கைப் பாருங்கள்

எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஆயில் அழுத்தம் இல்லை. ஓரமாக நிறுத்துங்கள். உடனே இன்ஜினை அணைத்து விடுங்கள். இங்கே ஒன்றிரண்டு நிமிடம் ஓட விடும் விதி இல்லை. "வீடு பக்கம்தானே" என்று ஓட்டினால் இன்ஜின் இறுகிவிடும். இழுவை வண்டியின் கூலி பெரிதல்ல. இன்ஜின் போனால் வண்டியின் விலையில் பாதி போகும்.

வெப்பமானி முள் மேலே ஏறினாலும் நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். இன்ஜின் ஓடும்போது டீசல் குழாயைக் கழற்றாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

மெக்கானிக் பேச்சை முடித்தார். டிரைவர் ஒரு நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் தன் கையால் எழுதினார்: "ஏர் ஃபில்டர் மாற்றியது. கிளாம்ப் முடுக்கியது." பக்கத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் குறித்தார். பிறகு ஆயில் மாற்றிய ரசீதைத் தேடி எடுத்தார். படித்துப் பார்த்தார். ஆயில் மாற்றி 14,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது!

"அண்ணே, ஆயிலையும் இன்னைக்கே மாத்திடுங்க" என்றார்.

மெக்கானிக் சிரித்தார். "இனி உன்னை யாரும் ஏமாத்த முடியாது தம்பி."

பயிற்சி

1. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஏன் இல்லை?
2. நீலப்புகை வந்தால் எது எரிகிறது?
3. வேகமாக வந்த டர்போ வண்டியை உடனே ஏன் அணைக்கக் கூடாது?
4. 1,12,400 கிலோமீட்டரில் ஆயில் மாற்றினீர்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அடுத்து எப்போது மாற்றுவீர்கள்?
5. உங்கள் ஊரில் ஓடும் ஒரு வண்டியின் கையேட்டை வாங்கிப் படியுங்கள். அதன் இன்ஜின் எத்தனை சி.சி.? நோட்டில் எழுதுங்கள்.