கைக்குட்டை எதைத் தடுக்கும்?

பட்டுக்கோட்டைப் பக்கம் ‘டிங்கரிங், பெயிண்டிங்’ என்று பலகை மாட்டிய பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரசர் உறும, ஒருவர் கார்க் கதவின்மேல் வண்ணம் தெளிக்கிறார். அவர் மூக்கை ஒரு கைக்குட்டை மூடியிருக்கிறது. அது அவரைக் காக்குமா? இயற்பியலின் துணையோடு விடை காண்போம்.

அழுத்தப்பட்ட காற்று பெயிண்டைப் பல அளவுத் துளிகளாகச் சிதறடிக்கிறது. இவற்றை மைக்ரானில் அளப்பார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1851-ல் ஸ்டோக்ஸ் வெளியிட்ட விதிப்படி, நுண்துளி விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 மைக்ரான் நீர்த்துளி, அசையாத காற்றில் நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும். மூக்கின் உயரமான ஒன்றரை மீட்டரைக் கடக்க அதற்கு 8 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துளியின் வேகமோ இதில் நூறில் ஒரு பங்கு. அது தரை சேர ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும்! பெயிண்ட் துளிகளும் இப்படித்தான். தெளிப்பது நின்ற பிறகும் அவை காற்றில் மிதக்கின்றன. பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்தவை நுரையீரலின் ஆழத்துக்கே சென்றுவிடும்.

கைக்குட்டை பெரிய துளிகளில் சிலவற்றைத் தடுக்கும். ஆவியை? கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, கற்பூரத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். மணம் வருகிறதல்லவா? துணியின் துளைகள் மூலக்கூறுகளைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியவை. தின்னரின் ஆவியும் இவ்வாறே நுழைகிறது.

இன்றைய கார்ப் பெயிண்டுகள் பலவற்றில் ‘ஹார்டனர்’ கலக்கிறார்கள். அதில் ஐசோசயனேட் என்னும் வகைப் பொருள் உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட மீத்தைல் ஐசோசயனேட்டும் இக்குடும்பமே. அது எளிதில் ஆவியாவது. ஹார்டனரில் உள்ளது அவ்வளவு எளிதில் ஆவியாகாது. ஆனால் தெளிக்கும்போது நுண்துளிகளில் ஏறி நுரையீரலை அடைகிறது. மூக்கில் ஏறும் நெடி தின்னருடையது. ஐசோசயனேட், தீங்கு செய்யும் அளவில் இருந்தாலும் நெடியால் எச்சரிக்காது.

இது சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவே மூச்சுத் திணறலைத் தரும். வேலை முடிந்த மாலையிலோ இரவிலோ இருமல், நெஞ்சு இறுக்கம், விடுமுறையில் சுகம் என்றால், செய்யும் வேலையைச் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெயிண்டர் தொழில் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1989-ல் வகைப்படுத்தியது.

காப்பு என்ன? காற்றை வெளியே இழுக்கும் விசிறியுடன் தனி அறை வேண்டும். சுத்தமான காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசமே சிறந்தது. அது இல்லாதபோது, கரி வடிகட்டியும் நுண்துளி வடிகட்டியும் சேர்ந்த, முகத்தோடு இறுகப் பொருந்தும் கவசமாவது அணிய வேண்டும். கரியின் பரப்பில் ஆவி மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். பரப்பு நிறைந்துவிட்டால் பயனில்லை. எனவே வடிகட்டியைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். தெளிக்கும் இடத்தில் மற்றவர்கள் நிற்கக் கூடாது.

உங்கள் அண்ணனோ மாமாவோ பட்டறையில் வேலை செய்கிறாரா? இன்று மாலை அந்தக் கற்பூரச் சோதனையை அவருக்குச் செய்து காட்டுங்கள்.