வீட்டுப்பாடத்தை எங்கே உட்கார்ந்து எழுதுவான்?

அன்புள்ள அம்மிணிக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் உளவியல் படித்துப் பள்ளி ஆலோசகராக வேண்டும் என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: தங்க வீடில்லாத ஒரு பையன் எதிரில் வந்து உட்கார்ந்தால் அவனிடம் என்ன பேசுவது? நல்ல கேள்விதான், ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அவனுக்கு என்ன செய்து கொடுப்பது என்பதுதான் முதலில் வரும். ஒரு வேளைச் சோறு, புத்தகம் வைக்க ஓர் இடம், பதிவேட்டிலிருந்து நீங்காத பெயர். இதையெல்லாம் கிளார்க் வேலை, வாட்ச்மேன் வேலை என்று ஆலோசகர் ஒதுக்கிவிட்டால், அப்புறம் அவர் எவ்வளவு இதமாகப் பேசினாலும் பையன் காதில் ஏறாது.

முதலில் அவன் யார் என்று பார்ப்போம். வீடில்லாதவன் என்றதும் ரயில்வே ஸ்டேஷன் நடைமேடையில் சாக்கை விரித்துப் படுத்திருப்பவன்தான் நினைவுக்கு வருவான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர் என்று வந்ததே, அதுவும் சாலையோரம், மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலையம் என்று திறந்த வெளியில் கிடப்பவர்களை எண்ணிய கணக்கு. பள்ளிக்கூடத்துக்கு வந்துகொண்டிருக்கும் வீடற்ற பையன் அந்தக் கணக்கில் பெரும்பாலும் சிக்க மாட்டான். நம் கோவைச் சிங்காநல்லூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள். 2020 மார்ச் ஊரடங்கில் நின்றுபோன தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் அதற்குப் பிறகு முறையாக ஓடவில்லை. மில்லோ, பட்டறையோ, கட்டட வேலையோ, எது நின்றாலும் அந்த வீட்டில் முதலில் கரைவது அட்வான்ஸ் பணம். வாடகைப் பாக்கியை வீட்டுக்காரர் அதில் கழித்துக்கொண்டே வருவார், அது தீர்ந்த மாதம் சாமான் வெளியே வரும். அம்மாவும் தங்கையும் ஊருக்கு, அப்பா வேலை தேடித் திருப்பூருக்கு, பையன் மட்டும் பரீட்சைக்காக இங்கேயே என்று குடும்பம் மூன்றாகப் பிரியும். நாலு நாள் சித்தி வீடு, நாலு நாள் சிநேகிதன் வீடு, மிச்ச நாள் லேத் பட்டறையின் பரண். மதுரைக்கும் திருச்சிக்கும் ராத்திரியெல்லாம் பஸ் கிளம்புகிற நம் பேருந்து நிலையத்து பெஞ்சில் அவன் தூங்கினாலும், பார்க்கிறவர்கள் பயணி என்றுதான் நினைப்பார்கள்.

இவனை வீடற்றவன் என்று சொல்வது மிகை என்று உனக்குத் தோன்றலாம். தலைக்கு மேல் ஏதோ ஒரு கூரை இருக்கிறதே என்பாய். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் இதற்கு நேரான பதிலை வைத்திருக்கிறது. வீட்டை இழந்து அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் வீடற்ற பிள்ளைதான். அவனைக் காகிதம் கேட்காமல் உடனே பள்ளியில் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்று ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அப்படி எண்ணியதால் அங்கே ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீடற்றவர்களாகத் தெரிய வருகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இப்படி ஒண்டியிருப்பவர்கள். நடைபாதையை மட்டும் பார்த்திருந்தால் அத்தனை பேரும் கண்ணில் படாமலே போயிருப்பார்கள்.

அப்படியானால் இங்கே அவனை எப்படிக் கண்டுபிடிப்பது? அவன் வாயால் சொல்ல மாட்டான், பை சொல்லும். மற்றவர்கள் அன்றைய டைம் டேபிள்படி புத்தகம் கொண்டுவரும்போது அவன் பை மட்டும் எல்லா நாளும் ஒரே கனம் கனக்கும். ஐந்து பாடத்துக்கும் புத்தகம், அடியில் மடித்த துண்டு, பேஸ்ட்டும் பிரஷும், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். 'விடு' என்பதிலிருந்து பிறந்த சொல் வீடு என்பார்கள். தோளில் இருப்பதை இறக்கிவிடுகிற இடம் இல்லாதவன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டேதான் திரிய வேண்டும். அவனிடம் நாம் வீட்டுப்பாடம் கேட்கிறோம். எழுதி வராததற்கு வெளியே நிற்க வைக்கிறோம். அந்தச் சொல்லின் பாதியில் வீடு இருப்பது நமக்கு உறைப்பதே இல்லை.

வகுப்பில் தூங்குகிறான், கணக்கில் கவனமில்லை, கேட்டால் முறைக்கிறான் என்று ஆசிரியர்கள் சொல்லி ஆலோசகரிடம் அனுப்புவார்கள். இதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்வதற்கு முன் ஓர் ஆய்வை நீ படித்துவிட வேண்டும். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. எழுதிய நால்வரில் செந்தில் முல்லைநாதனும் ஒருவர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் கை வறண்ட நேரத்தில் ஒரு முறையும், பணம் கைக்கு வந்த பின் ஒரு முறையும் சிந்தனைச் சோதனைகள் வைத்தார்கள். அதே மனிதர்கள்தான், ஆனால் வறண்ட காலத்தில் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்ததும் ஏறியது. அறிவு போய்த் திரும்பி வரவில்லை. பற்றாக்குறை மனதின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வயது வந்த விவசாயிக்கே அப்படியென்றால், இன்று ராத்திரி எங்கே படுப்பது என்ற யோசனையோடு ஐந்தாம் பீரியடில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பையனிடம் மனதை ஒருமுகப்படுத்தச் சொல்வதில் என்ன பயன்? ஆலோசகர் அறையில் ஒரு தகர பீரோவில் அவனுக்கு ஓர் அடுக்கும் அதன் சாவியும் கொடுத்தால் அந்த யோசனையில் கால் பங்கு குறையும். நூலகத்தை மாலை ஆறு மணி வரை திறந்து வைக்கத் தலைமையாசிரியரைச் சம்மதிக்க வைத்தால் இன்னொரு கால் பங்கு. அதற்கப்புறம் அவனாகவே பேசுவான்.

சலுகை கொடுத்துப் பழக்கினால் பையன் கெட்டுப்போவான், உலகம் அவனுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருக்காது என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். உழைப்பை மதிக்கிற ஊர் இது, அந்தப் பேச்சு எடுபடவும் செய்யும். ஆனால் சான்று அந்தப் பக்கம் இல்லை. ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சிதைவு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடர்களோடு வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று, தங்களை விட்டுவிடாத ஒரு பெரியவர், பெற்றோராக இல்லாவிட்டாலும், அவர்களுக்கு இருந்தார் என்பது. சென்னை கீழ்ப்பாக்கம் நடைபாதையில் வளர்ந்த ஜெயவேலின் கதை செய்தித்தாள்களில் வந்தது. நெல்லூரில் விவசாயம் பொய்த்து 1980-களில் சென்னைக்கு வந்த குடும்பம் அவருடையது. 1999-இல் நடைபாதைப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு படத்துக்காக அங்கே வந்த உமா, முத்துராம் தம்பதியை அங்கிருந்தவர்கள் முதலில் நம்பவில்லை. அந்தத் தம்பதியின் சுயம் அறக்கட்டளைதான் ஜெயவேலைப் படிக்க வைத்தது. பின்னாளில் வேல்ஸில் அப்போது கிளின்டூர் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்தில் கார் பொறியியல் படித்தார். ஒருவர் வென்றதை வைத்து எல்லோரும் வெல்வார்கள் என்று சொல்லிவிட முடியாது, அப்படிச் சொல்கிற மேடைப் பேச்சுகள் எனக்குப் பிடிப்பதும் இல்லை. நான் கவனிக்கச் சொல்வது வரிசையை. பள்ளி, சோறு, வருடக்கணக்கில் மாறாத முகம், இவை முன்னால் வந்தன. ஊக்கம் பின்னால் வந்தது.

இனி காகிதங்கள். இங்கேதான் ஆலோசகர் சட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை, டி.சி. வரத் தாமதம் என்ற காரணங்களைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆனால் அது ஆறு முதல் பதினான்கு வயது வரைக்குத்தான். 2022-இல் வந்த முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. ஆக, பதினொன்றாம் வகுப்புப் பையனுக்குக் காலையும் இல்லை, மதியமும் இல்லை. உரிமைச் சட்டமும் அவனைத் தாண்டிப் போய்விட்டது. அந்த இரண்டு வருடத்தை அவன் எப்படியாவது கடந்துவிட்டால், 2024 ஆகஸ்டில் நம் கோவையிலேயே தொடங்கிவைத்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். நடுவில் பாலம் இல்லை. டி.சி. வாங்கியவன் வேறு பள்ளியில் சேராவிட்டால் எமிஸ் கணினிப் பதிவில் அவன் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுக் குளத்தில் கிடக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பெயர்களைப் பார்த்து, இவன் எங்கே என்று கேட்கிற ஓர் ஆள் பள்ளியில் வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. பையன் ரகசியமாகச் சொன்னதை ஆலோசகர் வெளியே சொல்லலாமா? "ஹோம்ல போட்ருவாங்களா மிஸ்?" என்பதுதான் அவனுடைய முதல் பயம், அது காரணமில்லாத பயமும் இல்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. பெற்றோரைப் பிரிந்தோ ஆதரவற்றோ இருக்கும் பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, போலீஸுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் விடுவது குற்றம். அதே சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதையும் அடிப்படைக் கொள்கையாக வைத்திருக்கிறது. சித்தியோ பாட்டியோ பார்த்துக்கொள்ள முன்வந்தால், தகுதியுள்ள குடும்பத்துக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் நாலாயிரம் ரூபாய் கிடைக்க வழியுண்டு. ஆகவே ரகசியம் காப்பேன் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் போன் போடுவதுதான் துரோகம். எதைச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, 1098-ஐ அவன் முன்னிலையிலேயே அழைத்து, நலக் குழுவின் முன் போகும்போது கூடவே போய், சித்தியின் பெயரையும் போன் நம்பரையும் கையில் வைத்திருக்கும் ஆலோசகரிடம் அவன் திரும்பி வருவான்.

தாமதிக்கலாமே, பரீட்சை முடியட்டுமே என்று இரக்கத்தில் நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. பதினெட்டு முடிந்த அன்று சட்டத்தின் கண்ணில் அவன் குழந்தை இல்லை. 21 வயது வரை கிடைக்கக்கூடிய பின்தொடர் பராமரிப்பு, இல்லத்தில் இருந்து வெளியேறுகிறவர்களுக்கு உரியது. அதற்குமுன் யார் பதிவிலும் இல்லாமல் பட்டறைப் பரணிலேயே காலம் தள்ளியவனுக்கு அந்தக் கதவும் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் சிலருக்கு அந்தப் பதினெட்டு பொதுத் தேர்வுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதனால் வந்து உட்கார்ந்த பையனிடம் சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, பிறந்த தேதியைக் கேட்டு உன் நோட்டில் எழுதிக்கொள்.

அன்புடன்,
உன் பெரியப்பா