கருவுற்ற தாய் சுவாசிக்கும் காற்றும் குழந்தையின் நலமும்

கருவில் வளரும் குழந்தை தானாகச் சுவாசிப்பதில்லை. அதற்கு வேண்டிய உயிர்வளி முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே கிடைக்கிறது. ஆகவே தாய் சுவாசிக்கும் காற்றின் தூய்மை குழந்தையின் வளர்ச்சியோடு நேரடித் தொடர்புடையது. மலைக்காற்றும் சாரலும் வாய்த்த செங்கோட்டை, குற்றாலம் பகுதிகளில் வாழும் நாம், காற்று மாசு பெருநகரங்களுக்கே உரியது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கருவுற்ற தாய்க்குத் தீங்கு செய்யும் புகை பல வேளைகளில் வீட்டின் உள்ளேயே உண்டாகிறது.

புகை கருவை எவ்வாறு பாதிக்கிறது?

விறகுப் புகையில் இரண்டு பொருள்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. இது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை இறுகப் பற்றிக்கொள்வதால் கருவுக்குச் செல்லும் உயிர்வளி குறைகிறது. மற்றொன்று, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்கள். இவை நுரையீரலின் ஆழம் வரை சென்று உடலில் அழற்சியை உண்டாக்குகின்றன. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியில், கருவை நோக்கிய பக்கத்திலேயே கரித்துகள்கள் இருப்பதை 2019-இல் கண்டறிந்தனர். உயிர்வளியும் ஊட்டமும் குறைந்தால் குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைவான எடையுடனோ, 37 வாரம் நிறைவதற்கு முன்போ பிறக்க நேரலாம்.

தமிழ்நாட்டு ஆய்வுகள் கூறுவன

தமிழகக் கிராமப்புறங்களில் பிறந்த 11,728 குழந்தைகளை ஆறு மாதம் வரை கண்காணித்த ஆய்வு 2009-இல் வெளியானது. விறகும் வரட்டியும் எரித்த வீடுகளில் எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு 49 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 1,285 கருவுற்ற தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. நுண்துகள் அளவு ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைவதை அது காட்டியது.

இந்தியா (தமிழ்நாடு) உட்பட நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கருவுற்ற தாய்மார்களிடம் நடைபெற்ற மற்றோர் ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. சமையல் எரிவாயு வழங்கப்பட்ட தாய்மார்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் குழந்தைகளின் எடையில் உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு காணப்படவில்லை. இதனால் புகை தீங்கற்றது என்று கொள்ளலாகாது. அத்தாய்மார்கள் கருவுற்று 9 வாரங்களுக்குப் பின்னரே அவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். மேலும், இரத்தசோகை, ஊட்டக்குறைவு, இரத்த அழுத்தம் ஆகியவையும் எடையைத் தீர்மானிக்கின்றன. புகையற்ற சமையலறையைக் கருவுறும் முன்பே அமைத்துக்கொள்வதும், இரும்புச்சத்து மாத்திரைகளையும் மாதாந்திரப் பரிசோதனைகளையும் தவறவிடாமையும் ஒருங்கே வேண்டும்.

நம் பகுதியில் கவனிக்க வேண்டியவை

1. சாரல் காலத்தில் விறகு ஈரமாகி மிகுந்த புகையைத் தருகிறது. கதவு, சன்னல்களும் அடைத்தே கிடக்கின்றன. எரிவாயு இணைப்பு இருந்தும் சிக்கனம் கருதி விறகு எரிக்கும் வீடுகளில், கருவுற்றவர் உள்ள காலத்திலேனும் எரிவாயுவையே பயன்படுத்துங்கள்.

2. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வரும் மகளுக்காக வெந்நீர் அடுப்பைப் படுக்கையறைக்கு அப்பால், வெளிமுற்றத்தில் அமையுங்கள். அடுப்பு மூட்டும் பணியைப் பிறர் ஏற்றுக்கொள்ளலாம்.

3. பீடி சுற்றும் தாய்மார்கள் புகையிலைத் தூளையும் சுவாசிக்க நேர்கிறது. கருவுற்ற காலத்தில் அத்தொழிலை நிறுத்துவதே நன்று. இயலாதபோது காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து செய்து, கைகளை நன்கு கழுவி, உடை மாற்றிய பின்னரே உணவையோ குழந்தையையோ தொடுங்கள்.

4. வீட்டினுள் எவரும் புகைபிடித்தல் கூடாது. தந்தையர் இதனைத் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டும்.

5. குப்பையையும் நெகிழிப் பைகளையும் எரிக்காதீர்கள். முகத்தை முந்தானையால் மூடுவதால் நுண்துகள்களைத் தடுக்க இயலாது. புகையிலிருந்து விலகி நிற்பதே பாதுகாப்பு.

குழந்தை பிறந்த பின்னர்

குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் இல்லங்களில் அன்போடு பேணப்படும் வழக்கம். தலையில் ஈரம் தங்கலாகாது என்பதே பாட்டிமார்களின் நோக்கம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தாலே அந்நோக்கம் நிறைவேறும். பச்சிளங்குழந்தையின் சிறிய மூச்சுக்குழாய்களுக்குச் சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் ஒவ்வாதவை, கொசுவலையே போதுமானது. குளிருக்காக மூடிய அறையில் நெருப்புச் சட்டி வைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படும்படி அணைத்து வைக்கும் கங்காரு தாய் பராமரிப்பு, புகையின்றி வெப்பம் தரும் நல்ல முறையாகும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

கருவுற்றவர்: குழந்தையின் அசைவு குறைதல், மூச்சுத்திணறல், தலைசுற்றல், காலத்திற்கு முன் வயிற்றுவலி, நீர்க்கசிவு.

பச்சிளங்குழந்தை: நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மார்பு உள்வாங்குதல், முனகல், உதடு நீலம் பூத்தல், பால் குடிக்க மறுத்தல்.

இவற்றுள் எது காணப்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ தெரிவியுங்கள். அவரவர் வீட்டு நிலைக்கேற்ற ஆலோசனை வழங்க அது பெரிதும் உதவும்.