தையல் அக்கா கடைக்கு வழி

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி உள்ளது. தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். குறுகிய சந்துகள். ஒவ்வொரு சந்திலும் ஒரு தொழில்.

அங்கே ஒரு பெண் தையல் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரைத் 'தையல் அக்கா' என்றே அழைப்பார்கள். 12 வருடமாக ஒரே இடத்தில் தைத்து வந்தார்.

ஒரு நாள் அறையின் சொந்தக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். அக்கா மூன்று சந்து தள்ளி வேறு அறை பிடித்தார். வாடகை கூடிவிட்டது. ஆனால் ஆட்கள் வரவில்லை. பூட்டிய பழைய கடையைப் பார்த்தவர்கள், அக்கா ஊருக்கே போய்விட்டார் என்று நினைத்தார்கள்.

ஜூன் மாதம் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். சீருடை தைக்கக் கூட்டம் வர வேண்டும். மெஷினோ பாதி நாள் சும்மா கிடந்தது. அந்த மாத வாடகைக்கு அக்கா கடன் வாங்கினார்.

மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் சொன்னாள்:

"அம்மா, இப்போது எல்லோரும் போனில்தான் கடையைத் தேடுகிறார்கள். 'பக்கத்தில் தையல் கடை' என்று கேட்டால் போன் காட்டுகிறது. நம் கடை அதில் இல்லை."

"அதற்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?"

"ஒரு பைசா வேண்டாம் அம்மா. கூகுளில் கடையைப் பதிவு செய்வது இலவசம்."

அக்கா சென்ற வருடம்தான் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். போனையும் தமிழில் வைத்திருக்கிறார். "வழியைச் சொல். நானே எழுதுகிறேன்" என்றார்.

பதிவு செய்தது எப்படி?

முதலில் அக்கா பெயரில் கூகுள் கணக்கு தொடங்கினார்கள். பிறகு கடை விவரங்களை ஒவ்வொன்றாக எழுதினார்கள்.

கடையின் பெயர்: பெயர்ப் பலகையில் உள்ளபடியே எழுதினார்கள். 'மலிவான', 'சிறந்த' என்று எதையும் சேர்க்கவில்லை. அப்படிச் சேர்ப்பது விதிக்கு மாறானது.

தொழில்: தையல் கடை என்று குறித்தார்கள்.

முகவரி: வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தில் குறி வைத்தார்கள். சந்து மாறிவிடாமல் இரண்டு முறை சரிபார்த்தார்கள்.

போன் எண்: அக்காவின் எண்ணைக் கொடுத்தார்கள்.

நேரம்: "காலை 10 முதல் இரவு 8 வரை. ஞாயிறு விடுமுறை" என்று அக்கா எழுதினார்.

"ஞாயிறும் திறந்திருக்கும் என்று போடலாமே அம்மா?" என்றாள் மகள்.

"நம்பி வருகிறவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி வருவாரா?" என்றார் அக்கா.

கடை உண்மையில் இருக்கிறதா என்று கூகுள் சரிபார்க்கும். அதற்கு ஒரு வீடியோ கேட்டது. சந்து, பெயர்ப் பலகை, மெஷின் எல்லாவற்றையும் மகள் படம் பிடித்தாள். கடைக்கு வந்தவர்களின் முகமோ, வங்கிக் காகிதமோ அதில் விழாமல் பார்த்துக்கொண்டாள். சில நாளில் அனுமதி கிடைத்தது. அக்கா தைத்த ரவிக்கைகளின் படங்களையும் சேர்த்தார்கள்.

ஒரு போன் வந்தது

ஒரு வாரம் கழித்து அக்காவுக்கு ஒரு போன் வந்தது. ஒருவர் இந்தியில் பேசினார்.

"கூகுள் ஆபீசிலிருந்து பேசுகிறோம். உங்கள் கடைப் பதிவு இன்று அழிந்துவிடும். உங்கள் போனுக்கு ஒரு எண் வரும். அதை உடனே சொல்லுங்கள்."

அக்காவுக்குக் கை நடுங்கியது. இருந்த ஒரே நம்பிக்கையும் போய்விடுமோ? அப்போது போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஆறு எண்கள் இருந்தன. அவற்றின் கீழே ஒரு வரி இருந்தது. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்த எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்று அதில் இருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்கள்" என்று அவர் அவசரப்படுத்தினார்.

"சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நான் படித்துவிட்டேன்" என்றார் அக்கா. எதிரில் இருந்தவர் போனை வைத்துவிட்டார்.

அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் அக்காவின் கணக்கு அவர் கைக்குப் போயிருக்கும். கடையின் போன் எண்ணை மாற்றி, வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கி ஏமாற்றவும் அவரால் முடிந்திருக்கும்.

மறுநாளே கூட்டம் வந்துவிடவில்லை. முதலில் ஒருவர், பிறகு இருவர் என்று வந்தார்கள். ஒரு நாள் சயானிலிருந்து பழைய வாடிக்கைக்காரம்மா வந்தார். "ஊருக்குப் போய்விட்டாய் என்று நினைத்தேனே! போன்தான் வழி காட்டியது" என்றார். தீபாவளிக்குள் அக்கா கடனை அடைத்துவிட்டார்.

நினைவில் வையுங்கள்

1. பதிவு இலவசம். பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.
2. உண்மையான விவரங்களையே எழுதுங்கள். கடை இடம் மாறினால் பதிவையும் மாற்றுங்கள்.
3. போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.
4. போன் வழியாக யாராவது உங்கள் பணத்தை ஏமாற்றிப் பறித்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பேசிப் பாருங்கள்

தையல் அக்காவைக் காப்பாற்றியது எது?

உங்கள் ஊரில் எந்தெந்தத் தொழில் செய்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவும்?

உங்கள் கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.